வீட்டிலேயே எம்டிபி (மலை சைக்கிள்) சர்வீஸ் பண்ண என்னென்ன டூல்ஸ் வேணும்? பெட்டி செட் வாங்கலாமா?

குன்னூர்_மிதி:

வணக்கம். போன மாசம் ஒரு 29 இஞ்ச் ஹார்ட்டெயில் (முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்கிற மலை சைக்கிள்) எடுத்தேன், செகண்ட் ஹேண்ட். எங்க பக்கம் பஞ்சர் ஒட்ட, செயினுக்கு எண்ணெய் விட ஆள் இருக்கு. கியர், ஹைட்ராலிக் பிரேக்னு சொன்னா கை விரிச்சிடுறாங்க, "கோயம்புத்தூர் கொண்டு போங்க"ன்னு. வண்டிய மலைக்குக் கீழ இறக்கி மறுபடி ஏத்துற வாடகையில பாதி டூல்ஸ் வாங்கிடலாம் போல. அதான் வீட்டிலேயே பார்த்துக்கலாம்னு முடிவு.

ஆன்லைன்ல 40 சாமான்கள் அடங்கின ஒரு பெட்டி செட் பார்த்து வச்சிருக்கேன். பட்ஜெட் 5,000. வாங்கலாமா? இல்ல தனித்தனியா வாங்கறதா?

இன்னொரு விஷயம். மேடு ஏறும்போது இடது காலை அழுத்தினா "டக்"னு ஒரு சத்தம் வருது. சமதளத்துல இல்ல. அதுக்குன்னு தனியா டூல் வேணுமா?

நியூட்டன்மீட்டர் (கோவை):

வாழ்த்துகள் ப்ரோ. பெட்டி செட் மோசமில்ல, ஆரம்பத்துக்கு எல்லாம் ஒரே இடத்துல கிடைச்சிடும். ஆனா அதுல இல்லாத ஒண்ணு டார்க் ரென்ச், அதாவது போல்ட்டை எவ்வளவு இறுக்குறோம்னு நியூட்டன்மீட்டர் கணக்குல காட்டுற டூல். அதுதான் முதல்ல வாங்க வேண்டியது. ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கிற பாகம்) போல்ட் 5 நியூட்டன்மீட்டர், டிஸ்க் பிரேக் ரோட்டர் (பிரேக் வட்டு) போல்ட் ஷிமானோவுக்கு 2ல இருந்து 4, பின்வீல் கியர் பல்லைப் பிடிச்சிருக்கிற கேசட் லாக்ரிங் 40. இதையெல்லாம் கைக்கணக்குல டைட் பண்ணா ஒருநாள் மரை போகும், இல்ல போற வழியில கழலும்.

கூடவே அளவு போட்ட ஃப்ளோர் பம்ப், செயின் செக்கர் (செயின் தேய்மானம் அளக்க), வெயில்ல மழையில வண்டி ஓட்டினா நல்ல செயின் லூப் (செயின் எண்ணெய்). இவ்வளவுதான்.

பால்ரஸ்_பாண்டி (மதுரை):

தம்பி, பெட்டிய வாங்காதீங்க. 40 சாமான்ல உங்க வண்டிக்கு ஆகுறது பத்து தேறுமான்னு சந்தேகம். மீதி எல்லாம் வேற யாரோ வண்டிக்கு. அந்த பத்துலயும் ஆலன் கீ மெத்து இரும்பா இருக்கும். முனை மழுங்கி போல்ட் தலையவும் சேர்த்து உருட்டிவிட்டுட்டுப் போயிடும். அப்புறம் அந்த போல்ட்டைக் கழட்ட டிரில் மிஷின் தேடணும். எங்கப்பா கடையில நான் வளர்ந்தவன், உருண்ட போல்ட்டோட வர்ற வண்டிங்கதான் பாதி.

முதல்ல டூலைப் பார்க்காதீங்க, வண்டியப் பாருங்க. ஒரு பேப்பர் எடுத்துக்கிட்டு முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் ஒவ்வொரு போல்ட்டும் என்ன தலைன்னு எழுதுங்க. அப்புறம் இதுக்குப் பதில் சொல்லுங்க:

பின்வீல் கியர் கேசட்டா, ஃப்ரீவீலா? தெரியலன்னா வீலைக் கழட்டி பல்லை மட்டும் பின்பக்கமா சுத்துங்க. நடுவுல ஸ்பிளைன் (வரிப்பள்ளம்) போட்ட வளையம் தெரியும். பல்லோட சேர்ந்து அதுவும் சுத்துச்சுன்னா கேசட். பல்லு மட்டும் சுத்தி அது சும்மா நின்னா ஃப்ரீவீல். ரெண்டுக்கும் கழட்டுற டூல் வேற, பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மாத்தி வாங்கிடாதீங்க.

கிராங்க் (பெடல் மாட்டியிருக்கிற கை) எப்படிப் பிடிச்சிருக்கு? டயர் வால்வ் கார் மாதிரி தடியா, மெல்லிசா? பிரேக் என்ன கம்பெனி? முன் ஃபோர்க்ல காத்தா, ஸ்பிரிங்கா?

சத்தத்தைப் பத்தி அப்புறம் சொல்றேன். அதுவரைக்கும் மேடு ஏறாதீங்க.

குன்னூர்_மிதி:

அண்ணே, பார்த்துட்டேன். 8 ஸ்பீடு, வளையம் பல்லோட சுத்துது, அப்ப கேசட். கிராங்க் நடுவுல பிளாஸ்டிக் மூடி, அதை நெம்பினா உள்ள ஆலன் குழி பெருசா தெரியுது, என்கிட்ட இருக்கிற 6 அதுல ஆடுது. வால்வ் தடி, பைக் வால்வ் மாதிரி. பிரேக் ஷிமானோ ஹைட்ராலிக். ரோட்டர் ஆறு போல்ட், நட்சத்திரக் குழி. ஃபோர்க் ஸ்பிரிங்.

"மேடு ஏறாதீங்க"ன்னு சொன்னது கொஞ்சம் பயமா இருக்கு.

பால்ரஸ்_பாண்டி:

பயப்பட ஒண்ணுமில்ல, அவசரம் மட்டும் உண்டு. நீங்க சொல்றது சதுர ஆக்சில் கிராங்க். இரும்பு ஆக்சில் நாலு பட்டையா இருக்கும், அதுல அலுமினியக் கிராங்க் இறுகிக் குந்தியிருக்கும். அந்த நடு போல்ட் கொஞ்சம் தளர்ந்தா ஒவ்வொரு மிதிக்கும் கிராங்க் அசையும், டக் டக்னு பேசும். அப்படியே ஓட்டினா இரும்பு ஜெயிக்கும், அலுமினியம் தோக்கும். சதுரக் குழி உருண்டையாயிடும். அதுக்கப்புறம் எவ்வளவு டைட் வச்சாலும் நிக்காது, கிராங்கையே மாத்தணும்.

உள்ள இருக்கிறது 8 மி.மீ. ஆலனா இருக்கும். நாளைக்கே ஹார்டுவேர் கடையில ஒரு நல்ல 8 வாங்குங்க, நீளமான எல் கீ. சைக்கிள் கடையில தேட வேண்டியதில்ல. அந்த போல்ட் 35ல இருந்து 50 நியூட்டன்மீட்டர் வரைக்கும் கேக்கும், அதனால கீ மேல ஒரு குழாய் மாட்டி இழுங்க. அப்படியே பெடலும் கழட்டி மரைக்கு கிரீஸ் வச்சு மாட்டுங்க. காஞ்ச பெடல் மரையும் இதே சத்தம் போடும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், மறந்துடாதீங்க. ரெண்டு பெடலையும் கழட்டணும்னா ஸ்பேனரோட கைப்பிடி மேல்பக்கமா இருக்கும்போது பின்வீல் பக்கம் தள்ளணும். இப்படி நினைவு வச்சுக்கிட்டா இடது வலது குழப்பம் வராது.

நியூட்டன்மீட்டர்:

//கீ மேல ஒரு குழாய் மாட்டி இழுங்க//

பாண்டி அண்ணே, மன்னிக்கணும், இதைத்தான் நான் வேண்டாங்கிறேன். குழாய் மாட்டினா 35ஆ 90ஆன்னு யாருக்குத் தெரியும்? புதுசா கை வைக்கிற ஒருத்தருக்கு "இவ்வளவு இறுக்கு"ன்னு எழுத்துல எப்படிச் சொல்லிக் குடுப்பீங்க? உங்க கைக்குப் பழக்கம் இருக்கு, அவருக்கு இல்ல.

பால்ரஸ்_பாண்டி:

சரி, ஒரு கேள்வி. நீங்க சொல்ற டார்க் ரென்ச் எதுவரைக்கும் போகும்? சைக்கிளுக்குன்னு விக்கிற சின்னது 20, 25 நியூட்டன்மீட்டரோட முடிஞ்சிடும். கிராங்குக்கும் கேசட்டுக்கும் பெருசு தனியா வேணும். ரெண்டும் வாங்கினா தம்பியோட 5,000 அங்கேயே காலி. பம்ப் வாங்க காசிருக்காது. கார்பன் வண்டின்னா நானே டார்க் ரென்ச் வாங்குன்னு சொல்வேன். இது அலுமினிய வண்டி.

மண்தடம் (ஓசூர்):

ரெண்டு பேரும் சண்டை போடாம இதைப் பாருங்க. வீட்ல பெட்டி எடை பார்க்கிற கொக்கி தராசு இருக்கும்ல, ஊருக்குப் போகும்போது சூட்கேஸ் தூக்கிப் பார்க்கிறது, அது போதும்.

நியூட்டன்மீட்டர்ங்கிறது விசையை நெம்பு நீளத்தால பெருக்கினா வர்றது. ஆலன் கீயில போல்ட் மையத்துல இருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு கோடு போட்டு, அங்க தராசுக் கொக்கிய மாட்டி, கீக்கு நேர் குறுக்கா இழுங்க. 5 கிலோ காட்டுற இடத்துல நிறுத்தினா அது கிட்டத்தட்ட 4.9 நியூட்டன்மீட்டர். ஸ்டெம்முக்கு அது போதும். கிராங்குக்கு 25 செ.மீ. தள்ளி 16 கிலோ இழுத்தா 39 வரும். சாய்வா இழுத்தா கணக்கு தப்பும், அதை மட்டும் பார்த்துக்கணும். ஸ்டெம் முகப்புல நாலு போல்ட் இருந்தா ஒண்ணை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போகாம குறுக்கு குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா.

நான் இப்படிச் சில தடவை இழுத்துப் பழகின பிறகு கைக்கே தெரிஞ்சுடுச்சு. டார்க் ரென்ச் அப்புறமாத்தான் வாங்கினேன். குன்னூர் தம்பி, உங்களுக்கு ஏர் ஃபோர்க் இல்லாததால ஷாக் பம்ப் வேண்டாம், அந்தக் காசு மிச்சம்.

நியூட்டன்மீட்டர்:

அக்கா, இது எனக்குத் தோணவே இல்ல. தராசு முறைக்கு நான் ஒத்துக்கிறேன். ஆனா ரோட்டர் போல்ட்டுக்கு (2–4) இது சரியா வராது, அவ்வளவு சின்ன எடையில கொக்கி தராசு தடுமாறும். அங்க டி25 (நட்சத்திர முனை) கீயோட நீளப் பக்கத்தைப் போல்ட்டுல வச்சு, குட்டைப் பக்கத்தைக் கையில பிடிச்சு இறுக்கினாலே கிட்டத்தட்ட வந்துடும். அந்த நட்சத்திரக் குழிக்கு ஆலன் கீ எதையும் நுழைக்காதீங்க ப்ரோ.

பால்ரஸ்_பாண்டி:

சரி, இப்ப தம்பி வண்டிக்குப் பட்டியல் சொல்லிடறேன். முன்னுரிமை வரிசையில.

பம்ப் முதல்ல. தரையில நிக்கிற பம்ப், அளவு முள் வச்சது. உங்களுக்குக் கார் வால்வ்ங்கிறதால பங்க்ல அடிச்சுக்கலாம்னு தோணும். அடிக்கலாம். ஆனா எம்டிபி டயருக்கு டியூப்போட 30, 35 பி.எஸ்.ஐ. போதும், உங்க எடையப் பொறுத்து மேல கீழ. பங்க் பையன் பைக்குன்னு நினைச்சு ஒரு அமுக்கு அமுக்கினா எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. காத்து 5 பி.எஸ்.ஐ. மாறினாலே பிடிமானம் மாறும், கல்லுல டியூப் நசுங்குறதும் மாறும். அதனால வீட்ல அளவு தெரியணும்.

அடுத்தது ஆலன் கீ, 2ல இருந்து 8 வரைக்கும், 2.5 அவசியம் இருக்கணும். டபாரியா மாதிரி பேர் தெரிஞ்ச சரக்கா ஹார்டுவேர் கடையில எடுங்க. உருண்டை முனை வச்சது கோணல் இடத்துக்கு வசதி, ஆனா கடைசி இறுக்கு எப்பவும் நேர் முனையாலதான். கூட ஒரு டி25.

மூணாவது, டயர் லீவர் பிளாஸ்டிக்ல ரெண்டு, பேட்ச், சொல்யூஷன். இரும்பு ஸ்பூன்ல நெம்புற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, டியூப்பைக் கடிக்கும், ரிம்மையும் கீறும்.

நாலாவது செயின் கட்டர். அஞ்சாவது 15 மி.மீ. ஸ்பேனர் பெடலுக்கு. சில பெடல்ல ஸ்பேனர் பிடிக்கப் பட்டையே இருக்காது, உள்பக்கம் 6 அல்லது 8 ஆலன் மட்டும்தான், அப்படின்னா இதுவும் வேண்டாம்.

கேசட் கழட்ட லாக்ரிங் டூலும் செயின் விப்பும் (பல்லு சுத்தாம பிடிக்கிற, செயின் கோத்த பட்டை) வேணும், ஆனா இப்ப வேண்டாம். கேசட் மாத்துற நாள் வரட்டும், அன்னைக்கு வாங்குங்க. பழைய செயின் ஒரு முழம் இருந்தா இரும்புப் பட்டையில ரெண்டு போல்ட் அடிச்சு விப் நீங்களே செஞ்சுக்கலாம், எங்க கடையில இன்னும் அதுதான் ஓடுது. கிராங்க் புல்லரும் (கிராங்கை ஆக்சில்ல இருந்து இழுத்துக் கழட்டுற டூல்) அப்படித்தான். பாட்டம் பிராக்கெட் (கிராங்க் ஆக்சில் சுத்துற பேரிங்) கரகரன்னு சத்தம் போடும்போது பார்க்கலாம்.

ஸ்டாண்டு எல்லாம் வேண்டாம். வீட்ல ஊஞ்சல் கொக்கி இருக்கா? ரெண்டு கயிறு கட்டி ஒண்ணுல சீட்டு, ஒண்ணுல ஹேண்டில்பார். வேலை முடிஞ்சா ஊஞ்சலைத் திரும்ப மாட்டிடலாம்.

நுவரெலியா_றைடர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், வேலைக்காக நுவரெலியாவில இருக்கிறன். குன்னூர் தம்பிக்கு ஒண்டு சொல்லோணும். உங்கட இடமும் எங்கட இடமும் மழை, சேறு, இறக்கம் எண்டு ஒரே மாதிரித்தான் எண்டு நினைக்கிறன். பாண்டி அண்ணை சொன்ன பட்டியலில பிரேக்கைப் பற்றி ஒண்டும் வரேல்லை. மலையில இருக்கிறவனுக்கு முதல் செலவு பிரேக் பாட்தான் (ரோட்டரை அமத்திப் பிடிக்கிற பேட்). சேத்து மழையில ஒரு நீண்ட இறக்கம் பாட்டைச் சுரண்டி எடுத்துப்போடும்.

பாட் கழட்ட டூல் பெரிசா இல்லை. சிலதில ஒரு பின்னை நேராக்கி இழுக்கோணும், சிலதில 3 ஆலன். கட்டாயம் வேணுமானது ரெண்டு. ஒண்டு, பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ள பிளாஸ்டிக் டயர் லீவர், பழைய பாட்டை உள்ளுக்கு வைச்சுக்கொண்டே தள்ளுங்கோ, பிஸ்டனில வெடிப்பு விழாது. மற்றது ஐசோபுரோப்பைல் அல்ககோல், ரோட்டர் துடைக்க. உரசுற பொருள் அரை மி.மீ.க்கு வந்தால் மாத்தோணும். ரோட்டர் 1.5 மி.மீ.க்குக் கீழ தேஞ்சால் அதையும். ஒரு வேர்னியர் அளவுகோல் இருந்தால் அளக்கலாம்.

பாட் வாங்க முதல் ரோட்டரில என்ன அச்சடிச்சிருக்கு எண்டு வாசியுங்கோ. மலிவான ஷிமானோ ரோட்டரில "ரெசின் பாட் ஒன்லி" எண்டு ஆங்கிலத்தில கிடக்கும். அதுக்கு மெட்டல் பாட் போட்டால் ரோட்டரைத் தின்னும். மழைக்கு மெட்டல்தான் நீடிக்கும், ஆனால் அதுக்கு ரோட்டரையும் மாத்தோணும்.

சில்லை (வீலை) கழட்டி வைச்சிருக்கேக்க பிரேக் லீவரை அமத்தாதேங்கோ. இடையில ஒரு தடிப்பான மட்டையாவது செருகி வையுங்கோ. வீட்டில சின்னப் பிள்ளையள் இருந்தால் கட்டாயம்.

குன்னூர்_மிதி:

றைடர் அண்ணா, ரொம்ப நன்றி. இப்பதான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன், பின் பேட் காகிதம் மாதிரி இருக்கு. பிரேக்ல எண்ணெய் மாத்துறதும் நாமளே பண்ணலாமா?

நுவரெலியா_றைடர்:

பண்ணலாம். ஷிமானோவுக்கு பிரேக் லீவர் மேல திருகிற ஒரு புனல், கீழ கலிப்பருக்கு (பாட் இருக்கிற பகுதி) ஊசி இல்லாத சிரிஞ்சும் குழாயும், 7 மி.மீ. ஸ்பேனர் (சிலதுக்கு 3 ஆலன்). எண்ணெய் அவையின்ர மினரல் ஓயில்தான். மோட்டார் சைக்கிள் கடையில கிடைக்கிற டொட் (DOT) பிரேக் திரவத்தைக் கண்ணாலயும் பார்க்காதேங்கோ, உள்ளுக்கு இருக்கிற ரப்பர் சீல் ஊதிப்போகும். ஸ்ராம் பிரேக் அனேகமா டொட் கேக்கும், ஆனால் அவையின்ர புது மொடல் சிலது மினரல். அதால மூடியில இருக்கிறதை வாசிச்சுத்தான் ஊத்தோணும்.

லீவர் கல்லு மாதிரி இறுக்கமா இருந்தால் இப்ப ஒண்டும் செய்யாதேங்கோ. பஞ்சு மாதிரி அமுங்கினால் மட்டும்.

மண்தடம்:

சுத்தம் பண்றதைப் பத்தி யாரும் சொல்லல. தம்பி, வாட்டர் சர்வீஸ்ல விட்டுடாதீங்க. அந்த அழுத்தத்துல தண்ணி ஹப் (வீல் நடு), பாட்டம் பிராக்கெட், ஹெட்செட் (ஹேண்டில் திரும்புற இடத்துப் பேரிங்) எல்லாத்துக்குள்ளயும் போய் கிரீஸைக் கழுவிடும். வாளித் தண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு, பழைய பல்துலக்கி, போதும்.

பால்ரஸ்_பாண்டி:

செயினுக்கு டீசல். ஒரு பிரஷ்ஷால ரெண்டு சுத்து, கறுப்பு எல்லாம் கரைஞ்சு வந்துடும். காலங்காலமா இதான்.

மண்தடம்:

உங்க காலத்து வண்டியில டிஸ்க் இல்ல அண்ணே! பிரஷ்ல டீசல் தெறிச்சு ஒரு துளி ரோட்டர்ல பட்டாலும் பேட் குடிச்சிடும், அப்புறம் பிரேக் கீச்சிடும், பிடிக்காது. பேட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பால்ரஸ்_பாண்டி:

அது நியாயம். அப்ப செயினைக் கழட்டித்தான் பண்ணணும். அகல வாய் பாட்டில்ல கொஞ்சம் டீசல், செயினை உள்ள போட்டு மூடி குலுக்கு. கசடு அடியில நிக்கட்டும், மேல தெளிஞ்சதை அடுத்த தடவைக்கு வச்சுக்கலாம். அப்புறம் சோப்புத் தண்ணியில அலசி வெயில்ல காயப்போட்டு எண்ணெய்.

செயினைக் கழட்ட குயிக் லிங்க் (திறந்து மூடுற கண்ணி) இருக்கணும், அதுக்குத் தனி பிளையர் உண்டு. பிளையர் இல்லைன்னா கெட்டியான சணல் கயிறை லிங்கோட ரெண்டு பின்னையும் சுத்தி முடிஞ்சு இழுத்தா உள்பக்கமா நெருங்கித் திறந்துக்கும். 8 ஸ்பீடு லிங்கை பல தடவை திறக்கலாம். 12 ஸ்பீடுல ஷிமானோ, ஸ்ராம் ரெண்டுமே ஒரு தடவைதான்னு சொல்லியிருக்காங்க.

நியூட்டன்மீட்டர்:

எண்ணெய் எதுன்னு சொல்லிடுங்க, இல்லைன்னா தேங்காய் எண்ணெய் விட்டுடுவார். 😄

மண்தடம்:

சிரிக்காதீங்க, எங்க வீட்டுலயே விட்டிருக்காங்க. குன்னூர் குளிர்ல உறைஞ்சு மெழுகு மாதிரி நிக்கும். டபிள்யூடி-40யும் வேண்டாம், அதாவது அந்த நீல மஞ்சள் டப்பா. அது ஈரம் விரட்டவும் துரு இளக்கவும். செயின்ல தங்காது, உள்ள இருக்கிற எண்ணெயையும் கரைச்சிடும். மழைக்காலத்துக்கு வெட் லூப், ஒவ்வொரு ரோலருக்கும் ஒரு சொட்டு, பத்து நிமிஷம் கழிச்சு வெளிப்பக்கம் முழுக்க துணியால துடைச்சிடணும். எண்ணெய் வேலை செய்யுறது உள்ளதான், வெளிய இருக்கிறது மண்ணைத்தான் பிடிக்கும்.

குன்னூர்_மிதி:

செயின் செக்கர் பத்தி பாண்டி அண்ணன் பட்டியல்ல சொல்லலையே? வேண்டாமா?

பால்ரஸ்_பாண்டி:

வாங்கினா நல்லது, சின்ன காசுதான். இல்லாட்டியும் ஒரு இரும்பு ஸ்கேல் போதும். செயின்ல பின்னுக்குப் பின் அரை இஞ்ச். ஒரு பின் மையத்துல பூஜ்யம் வச்சு இருபது கண்ணி தள்ளி இருக்கிற பின்னைப் பாருங்க. புதுசுல சரியா 254 மி.மீ. உங்க 8 ஸ்பீடுல அது 256ஐத் தொட்டா மாத்துங்க. 11, 12 ஸ்பீடுன்னா 255 தாண்டினாலே யோசிக்கணும். செயினை நல்லா இழுத்துப் பிடிச்சு அளக்கணும், தொங்கவிட்டு அளந்தா பொய் சொல்லும்.

ஏன் அளக்கணும்னா, நீண்டுபோன செயின் கேசட் பல்லைத் தன் அளவுக்குத் தேய்ச்சிடும். அப்புறம் புதுச் செயின் போட்டா பழைய பல்லுல குந்தாம தாவும். சரியான நேரத்துல மாத்தினா செயின் காசோட போயிடும்.

நியூட்டன்மீட்டர்:

ஸ்போக் கீ? வீல் கோட்டம் எடுக்க?

பால்ரஸ்_பாண்டி:

வாங்கட்டும், நிப்பிள் (கம்பி முனையில இருக்கிற திருகு) அளவு பார்த்து. அளவு தப்பின கீ பித்தளை நிப்பிளை உருட்டிடும். ஆடின ஒரு போக்ஸ் கம்பிய கால் சுத்து கால் சுத்தா இழுக்கிறது வரைக்கும் வீட்ல பண்ணலாம். எட்டு மாதிரி வளைஞ்ச வீலைக் கடைக்கே கொண்டு வாங்க. ஹெட்செட் கப் இறக்குறது, ஹேங்கர் (பின் கியர் தொங்குற துண்டு) நிமித்துறது, இதுவும் கடை வேலைதான். ஒருநாள் வேலைக்கு அந்த டூல் விலை கட்டாது.

குன்னூர்_மிதி:

அப்டேட். 8 மி.மீ. கீ வாங்கினேன். இடது கிராங்க் போல்ட் அரைச் சுத்துக்கு மேல போச்சு! வலது பக்கம் அசையல. பெடல் மரைக்கும் கிரீஸ் வச்சேன். மண்தடம் அக்கா சொன்ன தராசு முறையில 16 கிலோ இழுத்தேன், அப்பா வந்து "மீன் பிடிக்கிறியா?"ன்னு கேட்டார். லேம்ப்ஸ் ராக் பக்கம் ஏறிப் பார்த்தேன், சத்தம் இல்ல.

பம்ப், ஆலன் செட், டி25, லீவர், பேட்ச், செயின் கட்டர், ரெசின் பேட் ரெண்டு ஜோடி, ஆல்கஹால் எல்லாம் சேர்த்தும் 5,000 தாண்டல. செயின் அளந்தேன், 255 சொச்சம்.

பால்ரஸ்_பாண்டி:

நல்லது. ரெண்டு மூணு ரைடு கழிச்சு அந்த இடது போல்ட்டை மறுபடி பாருங்க. மறுபடி தளர்ந்திருந்தா குழி ஏற்கெனவே தேஞ்சிருக்குன்னு அர்த்தம், இறுக்கிக்கிட்டே இருக்கிறதுல பிரயோஜனம் இல்ல. அப்ப கிராங்க் புல்லர் வாங்கிக் கழட்டிப் பார்ப்போம்.

மண்தடம்:

மிச்சக் காசு இருந்தா ஒரு ஸ்பேர் ஹேங்கர் வாங்கி வச்சுக்கோங்க தம்பி. டிரெய்லியர் (செயினை மாத்துற பின் கியர் பாகம்) பிடிச்சிருக்கிற அந்தச் சின்ன அலுமினியத் துண்டு. ஃபிரேமைக் காப்பாத்த அதுதான் முதல்ல வளையும், உடையும். ஃபிரேமுக்கு ஃபிரேம் வேற வடிவம், உடைஞ்ச பிறகு தேடினா வாரக்கணக்குல வண்டி நிக்கும்.

குன்னூர்_மிதி:

செகண்ட் ஹேண்ட் வண்டி அக்கா, பெயின்ட் அடிச்சிருக்காங்க, மாடல் பேரே தெரியல. எதை வச்சுக் கேட்கிறது?

மண்தடம்:

பின்வீலைக் கழட்டி, ஹேங்கரைப் பிடிச்சிருக்கிற ஒண்ணு ரெண்டு போல்ட்டை எடுத்தா கையோட வந்துடும். ஸ்கேல் பக்கத்துல வச்சு முன்னும் பின்னும் போட்டோ எடுங்க. போல்ட் குழி எத்தனை, நடுவுல எத்தனை மி.மீ.ன்னு அளந்து இங்க போடுங்க. வடிவத்தை வச்சே கண்டுபிடிச்சிடலாம்.